முப்பத்தேழாவது ஆள்

கடைசி வரிசையில நான் ஒருத்தி மட்டும் நிக்கிறேன். எனக்கு முன்னாடி ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு பேரு, எல்லாரும் இந்த ஸ்கூல் டீச்சருங்க, எல்லாருக்கும் ஒரே மாம்பழக் கலர் சேலை, கையில ஆளுக்கொரு பச்சைக் கொடி. எனக்கும் அதே சேலைதான், அதே கொடிதான், ஆனா இந்தப் பக்கமும் ஆளில்ல, அந்தப் பக்கமும் ஆளில்ல. பின்னாடி மைதானத்துச் சுவரு. சுவருக்கு அந்தாண்ட யாரோ பருப்புக்குத் தாளிக்கிறாங்க, பூண்டு வாசனை ஆளையே தூக்குது, முன்வரிசை வரைக்கும் அது போகாது, கடைசியில நிக்கிறதுக்கு இப்படி ஒரு லாபம். மணி நாலரை இருக்கும், வெயில் இன்னும் முதுகுல குத்துது. மேடை மேல சண்முகவடிவு டீச்சர், எங்க பீ.டி. டீச்சர், வாயில விசிலைக் கடிச்சுக்கிட்டு, நெத்தியில கைய வச்சு என்னையே பாக்கிறாங்க. என்னையன்னா என்னைய இல்ல, நான் நிக்கிற எடத்த. சனிக்கிழமை ஸ்கூலோட நூறாவது வருஷ விழா, டீச்சருங்க எல்லாம் சேந்து கொடி ட்ரில் பண்றோம், ட்ரோன் கேமரா வச்சு மேலேர்ந்து படம் புடிக்கப் போறாங்க. மேலேர்ந்து பாத்தா கட்டம் சுத்தமா இருக்கணும், வால் மாதிரி ஒருத்தர் நீட்டிக்கிட்டு நிக்கக் கூடாது, இது எச்.எம். போட்ட கண்டிஷன். அந்த வால் நான்தான். மத்தியானம் எச்.எம். வடிவு டீச்சர்கிட்ட சொன்னத என் காதாலயே கேட்டேன். "இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள வரிசை அமையலேன்னா ஒருத்தரை உக்கார வச்சிடுங்க, வடிவு." ஒருத்தரை. பேரு சொல்லல. பேரு சொல்ற அவசியம் இன்னா இருக்கு, பீ.டி. டீச்சருங்க உலகத்துல எங்க இருந்தாலும் உயரம் பாத்துதான் நிக்க வைப்பாங்க, குள்ளம் முன்னாடி, நெட்டை பின்னாடி, இந்த ஸ்கூல்லயே பெரிய நெட்டை நான். எப்படி வகுத்தாலும் மீதி நான்தான் வருவேன்.

போன வாரம் வரைக்கும் இந்தத் தொல்லை இல்ல. நாப்பது பேரு இருந்தோம். நாப்பதுன்னா தங்கமான எண்ணு, ரெண்டுன்னா ரெண்டு, நாலுன்னா நாலு, அஞ்சு, எட்டு, பத்து, இருபது, யாரு வந்து கதவத் தட்டினாலும் வா உக்காருன்னு சொல்லும். எட்டு வரிசை, வரிசைக்கு அஞ்சு பேருன்னு ஜம்முனு நின்னோம். அப்புறம் பயாலஜி டீச்சருக்குக் கால் பெசகிடுச்சு, இன்னொருத்தர் மாசமா இருக்காங்க, டாக்டர் நிக்கவே கூடாதுன்னுட்டாரு, மூணாவது ஆளை மதுரையில ட்ரெயினிங்னு இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. மிச்சம் முப்பத்தேழு. நான் கணக்கு டீச்சர், எனக்கு மூச்சு விடுற நேரத்துல தெரிஞ்சுபோச்சு. ரெட்டைப்படை இல்ல, ரெண்டு போச்சு. மூணும் ஏழும் பத்து, பத்து மூணால வகுபடாது, மூணு போச்சு. கடைசியில சைபரும் இல்ல அஞ்சும் இல்ல, அஞ்சும் போச்சு. ரெண்டும் மூணும் போனப்புறம் நாலு எங்க, ஆறு எங்க. ஏழுலேர்ந்து மேல பாக்கவே வேணாம், ஏழேழு நாப்பத்தொம்பது, முப்பத்தேழைத் தாண்டிடுது. பெரிய காரணி ஒண்ணு இருந்தா ஜோடியா சின்ன காரணி ஒண்ணு இருந்தே ஆகணும், சின்னதே இல்லாதப்ப பெருசுக்கு எங்க போறது. ஒண்ணு, இல்லேன்னா அதுவே, வேற யாராலயும் வகுபடாது. பகா எண். இன்னைக்கு மூணாவது பீரியடு ஆறாப்பு பிள்ளைங்களுக்கு இதைத்தான் நடத்திட்டு வந்தேன். போர்டுல நூறு வரைக்கும் எழுதி, ரெண்டோட மடங்க எல்லாம் அடி, மூணோட மடங்க எல்லாம் அடி, அஞ்சு, ஏழு, அடி அடின்னு அடிச்சப்புறம் மிச்சம் நின்னதுல முப்பத்தேழு பாத்தா சிரிச்சுக்கிட்டே நிக்குது. ஒரு பிள்ளை எழுந்திரிச்சு, "மிஸ், இதெல்லாம் அடி வாங்காம தப்பிச்ச நம்பருங்களா"ன்னு கேட்டுச்சு. ஆமாம்மான்னு சொன்னேன். அப்ப எனக்கே அது நல்ல பேருன்னு தோணுச்சு.

இப்ப தோணல. இப்ப நான் வாயத் திறக்காம நிக்கிறேன், அதுதான் விஷயம். வடிவு டீச்சருக்கு முப்பத்தேழு பகா எண்ணுன்னு தெரியாது, அவங்க நம்பிக்கையா முயற்சி பண்ணிக்கிட்டே இருக்காங்க. அவங்க முயற்சி பண்ற வரைக்கும் நான் மைதானத்துல இருப்பேன். "டீச்சர், வீணா தொண்டத் தண்ணிய வத்த வைக்காதீங்க, இது பிரியாது"ன்னு நான் சொன்னேன்னு வை, அந்த நிமிஷமே என் கதை முடிஞ்சுது. எனக்கு நானே ஆப்பு வச்சுக்கணுமா? ஆனா ஒரு கணக்கு டீச்சர் கண்ணு முன்னாடி ஒரு மனுஷி பகா எண்ணை வகுக்க வேர்த்து விறுவிறுக்கப் பாடுபடுறா, இவ கல்லு மாதிரி நிக்கிறான்னா அதுவும் ஒரு மாதிரி பாவம்தான். விசில் அடிக்குது. "எல்லாரும் நாலு நாலா வாங்க டீச்சர், அங்கிட்டு ஒம்பது வரிசை." நகர்றோம். சேலை சரசரங்குது. ஒம்பது நாலு முப்பத்தாறு. நான் மிச்சம். மறுபடி விசில். மூணு வரிசை, வரிசைக்குப் பன்னெண்டு. முப்பத்தாறு. நான் மிச்சம். முப்பத்தாறு எவ்ளோ நல்ல எண்ணோ அவ்ளோ எனக்குக் கெட்ட எண்ணு, அதுக்கு ரெண்டு மூணு நாலு ஆறு ஒம்பது பன்னெண்டு பதினெட்டுன்னு ஊரெல்லாம் சொந்தக்காரங்க, எவங்க வீட்டுக்குப் போனாலும் வாசல்ல என்னைய மட்டும் நிறுத்திட்டு உள்ள போயிடுது. விசில். அஞ்சு அஞ்சா. ஏழு வரிசை, முப்பத்தஞ்சு, மிச்சம் ரெண்டு. அப்பாடா. அஞ்சால வகுத்தா எனக்குத் துணை கிடைக்குது, அங்கயற்கண்ணி டீச்சர், தமிழ் எடுக்கிறாங்க, எனக்கு அடுத்த நெட்டை அவங்கதான். வந்து பக்கத்துல நின்னாங்க, மல்லிப்பூவும் சாக்பீசுமா ஒரு வாசனை. "என்னங்க டீச்சர், நம்ம ரெண்டு பேரையும் சேத்துக் கழிச்சு விட்டுருவாக போலயே." "உங்கள விட மாட்டாங்க டீச்சர், நீங்க இல்லேன்னா யாரு வரவேற்புப் பா பாடுவாங்க." "அதை விடுங்க. கணக்கு டீச்சரு நீங்க, ஒரு வழி சொல்லக் கூடாதா?" "யோசிச்சுக்கிட்டே இருக்கேன்"னு சொன்னேன். பொய் ஒண்ணும் இல்ல, யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன், வழியத்தான் யோசிக்கல. விசில் அடிச்சுது, அவங்க அடுத்த வரிசைக்குப் போயிட்டாங்க.

இந்த ட்ரில் இல்லேன்னா இன்னா குடி முழுகிடப் போவுதுன்னு ராத்திரி போன்ல சேவியர் கேட்டாரு. என் வீட்டுக்காரரு, மெட்ராஸ் ஹார்பர்ல வேலை, ஆளு நல்ல ஆளு, ஆனா கேள்வி இப்படித்தான் கேப்பாரு. எனக்கு ஜூன் மாசம் இங்க மாத்தல் வந்துச்சு. ராயபுரத்துலேர்ந்து காரைக்குடிக்கும் அந்தாண்ட. பொண்ணு ஜெனிக்கு ப்ளஸ் டூ, அதனால அவளும் அவரும் அங்க, நான் இங்க ஒரு மாடி ரூம்ல. வந்த முதல் நாளு ஸ்டாஃப் ரூம்ல நான் "இன்னா சார், பஸ்ஸு இவ்ளோ லேட்டு"ன்னு சொன்னேன், பத்துப் பேரு திரும்பிப் பாத்தாங்க. கெட்டவங்க இல்ல, சிரிச்சாங்க, அவ்ளோதான். ஆனா நான் அதுக்கப்புறம் ஒவ்வொரு வாட்டியும் இன்னாவ முழுங்கிட்டு என்னன்னு சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்துல பேசாமயே இருந்துட்டா ஈசின்னு ஆயிடுச்சு. ஜன்னலோரம் ஒரு மேசை, அதுல தனியா சாப்பாட்டு டப்பா. ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர். அப்புறம் ஒரு நாளு வடிவு டீச்சர் வந்து, "இவ்வளவு உயரமா ஒரு ஆளை வச்சுக்கிட்டு நான் ஏன் பின் வரிசைக்கு ஆள் தேடுறேன்"னு கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்து நிறுத்தினாங்க. ட்ரில் ஆரம்பிச்ச ரெண்டாம் நாளு மத்தியானம், எல்லாருக்கும் கால் வலி, எல்லாரும் ஒரே மேசையில தொபுக்குனு உக்காந்துட்டோம், நான் டப்பாவத் திறந்தேன், நெத்திலி வறுவல். சேவியர் ரயில்ல குடுத்து அனுப்பின கருவாட்டு நெத்திலி. வடிவு டீச்சர் பேசிக்கிட்டே கைய நீட்டி ஒரு நெத்திலிய எடுத்து வாயில போட்டுக்கிட்டாங்க. என்னையக் கேக்கல. என்னையப் பாக்கக்கூட இல்ல. அப்புறம் அந்தாண்டயிருந்து இன்னொரு கை. அன்னைக்கு எனக்கு டப்பாவுல ஒண்ணும் மிஞ்சல, வெறுஞ்சோறு சாப்பிட்டேன், கண்ணு கலங்கிடுச்சு, காரம்னு சொல்லிட்டேன். இதப் போயி சேவியர்கிட்ட எப்படிச் சொல்றது, நெத்திலிய எடுத்துட்டாங்க அதனால எனக்கு ட்ரில்லு முக்கியம்னா அவரு சிரிப்பாரு. ஆனா அவரும் ஜெனியும் சனிக்கிழமை காலையில வந்து இறங்குறாங்க, லீவு சொல்லியாச்சு, டிக்கெட் போட்டாச்சு. "மேலேர்ந்து எடுத்தா அம்மா எந்தப் புள்ளின்னு எப்படித் தெரியும்"னு ஜெனி கேட்டா. கடைசி வரிசையில கடைசின்னு சொல்லி வச்சிருக்கேன். இப்ப அவங்க வந்து பாத்தா நான் நாற்காலியில உக்காந்திருப்பேன். திங்கக்கிழமைலேர்ந்து எல்லாரும் ட்ரில்லு ட்ரில்லுன்னு பேசிப் பேசிச் சிரிப்பாங்க, நான் மெதுவா, யாரும் சொல்லாமயே, டப்பாவ எடுத்துக்கிட்டு ஜன்னலோரம் போயிடுவேன்னு எனக்கே தெரியும்.

வேணாம், அதையே நெனைக்க வேணாம், வேற எதாவது வகுப்போம். சின்ன வயசுலேர்ந்து எனக்கு இந்த வியாதி, எந்த எண்ணப் பாத்தாலும் பிரிச்சுப் போட்டாத்தான் தூக்கம் வரும். பஸ்ஸு நம்பரு, வீட்டு நம்பரு, பாதிரியார் பிரசங்கம் பண்றப்ப பாட்டுப் போர்டுல எழுதியிருக்கிற பாட்டு நம்பரு. சிலது நம்மள ஏமாத்தும். அம்பத்தேழு இருக்கே, அது பகா எண்ணு மாதிரியே மூஞ்சிய வச்சுக்கும், உள்ள போயிப் பாத்தா மூணு பத்தொம்பது. தொண்ணூத்தொண்ணு அதைவிடக் கேடி, யாருக்கும் மசியாத மாதிரி நிக்கும், ஏழு பதிமூணுன்னு ஒரு நாளு தெரிஞ்சப்ப எனக்குச் சொந்தக்காரங்க குட்டு வெளிப்பட்ட மாதிரி அவ்ளோ சந்தோஷம். முப்பத்தேழும் அப்படி ஏமாத்துதோ? மறுபடி பாப்போம். ரெண்டு இல்ல, மூணு இல்ல, அஞ்சு இல்ல. இல்ல. இது நெசமாவே நல்லவன். எனக்கு நாப்பத்தொண்ணு முடிஞ்சுது, அதுவும் பகா எண்ணுதான், கேக்கு வெட்டறப்ப சேவியர்கிட்ட சொன்னேன், இந்த வருஷம் என்னைய யாரும் பிரிக்க முடியாதுன்னு, அடுத்த மாசமே மாத்தல் ஆர்டர் வந்துச்சு. காத்து அடிக்குது. வடிவு டீச்சர் கீழ இறங்கி சுண்ணாம்புப் பொடியக் கோட்டுக்குக் கோடு தூவுறாங்க, பொடி பறந்து வந்து கண்ண உறுத்துது, மூக்குல ஒரு மாதிரி ஏறுது. சுண்ணாம்புதான், ஆனா எனக்கு போரிக் பவுடர் ஞாபகம் வருது. எங்க தெருவுல ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும் அப்பா கேரம் போர்டை வெளிய எடுத்து ட்ரம்மு மேல வைப்பாரு, பவுடரைத் தூவி உள்ளங்கையால ஒரு தேய் தேய்ப்பாரு. காயின் அடுக்குற வேலை என்னுது. ரெட்டு, அதான் அந்த ஒரே சிவப்புக் காயின், அதை நடுவுல வைக்கணும், சுத்தி ஆறு, அதைச் சுத்திப் பன்னெண்டு, ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டு, நடுவுல ஒரு நூல் கூடப் போகாது. "ரெட்டு மட்டும் தனியா போட்டா செல்லாது கண்ணு, கூட ஒரு காயின் ஃபாலோ போடணும், அப்பத்தான் அது நம்மளுது"ன்னு அப்பா ஆடறவங்களுக்கெல்லாம் ரூல் சொல்லிக்கிட்டே இருப்பாரு. ஆளுங்க வராத நேரத்துல நான் பக்கத்து வீட்டு காயின் டப்பாவையும் வாங்கி வந்து, ரெண்டு செட்டையும் ஒண்ணாக் கொட்டி, பன்னெண்டைச் சுத்தி இன்னொரு சுத்து அடுக்குவேன். கறுப்பு வெள்ளை கறுப்பு வெள்ளை. அழகா சுத்தி வந்து மூடிக்கும். கடைசியில ஒரு காயின் மட்டும் கையில மிஞ்சும், ரெண்டாவது ரெட்டு. அதை எங்க வைக்கிறதுன்னு தெரியாம அப்பாகிட்ட நீட்டுவேன், "ஒரு போர்டுக்கு ஒரு ரெட்டுதான்"னு வாங்கிச் சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்குவாரு. இது ஏன் இப்ப ஞாபகம் வருதுன்னு தெரியல. பொடி மூக்குல ஏறினதுதான் காரணமா இருக்கும்.

எச்.எம். குடையப் புடிச்சுக்கிட்டு வர்றாங்க. எல்லாரும் முதுகை நிமித்தறோம், டீச்சரானாலும் எச்.எம்.னா முதுகு தானா நிமிரும். "என்ன வடிவு, அமைஞ்சுதா?" "இல்லைங்க மேடம், எப்படி வச்சாலும் ஒண்ணு இடிக்குது." எச்.எம். குடையைச் சாய்ச்சு வரிசையைப் பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க, அவங்க மூஞ்சியில ஒரு வெளிச்சம். "கணக்கு டீச்சர்தான் இங்கயே நிக்கிறாங்களே. பிலோமினா டீச்சர், நீங்க சொல்லுங்க, முப்பத்தேழை எப்படிப் பிரிக்கலாம்?" முப்பத்தாறு தலையும் திரும்பிச்சு. என் தொண்டையில இன்னாவும் என்னவும் ரெண்டும் சேந்து மாட்டிக்கிச்சு. கொஞ்சம் டைம் குடுங்க மேடம், வீட்டுக்குப் போயிப் போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்னு சொல்லலாம். சனிக்கிழமை வரைக்கும் தள்ளிடலாம். ஆனா வடிவு டீச்சர் காலு கையெல்லாம் சுண்ணாம்பா, வேர்த்துக் கொட்டி, என் வாயையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. ஆறாப்புப் பிள்ளைங்களுக்குக் காலையில ஒண்ணு சொல்லிட்டு சாயங்காலம் வேற சொல்ல எனக்கு நாக்கு வரல. "பிரிக்க முடியாது மேடம். அது பகா எண். எத்தனை வரிசை போட்டாலும் ஒருத்தராவது மிஞ்சுவாங்க." சொல்லிட்டேன். சுவருக்கு அந்தாண்ட தாளிப்புக்கூட நின்னுபோச்சு. எச்.எம். மெதுவா தலையாட்டினாங்க, கெட்ட மனசு இல்ல அவங்களுக்கு, நல்ல மாதிரியாத்தான் சொன்னாங்க. "அப்ப ஒண்ணு பண்ணுவோம். மைக்ல யாராச்சும் அறிவிக்கணும்ல, நீங்க வந்துடுங்க டீச்சர். உங்க மெட்ராஸ் பேச்சு கேக்கறதுக்கு நல்லா இருக்கும்." ரெண்டு பேரு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சரிங்க மேடம்னு சொன்னேன்.

மேடைக்குப் போற தூரம் அதிகமில்ல, ஆனா வரிசை ஓரமாவே நடக்கணும், ஒவ்வொரு மூஞ்சியும் என்னையப் பாத்துட்டுக் கீழ குனியுது. அழுவக் கூடாது, நாப்பத்தொரு வயசுல ட்ரில்லுக்கு அழுதான்னா பேரு கெட்டுப் போயிடும். "டீச்சர்"னு அங்கயற்கண்ணி குரல் மட்டும் கேட்டுச்சு, நான் திரும்பல. கொடியக் குடுத்துடணும், வடிவு டீச்சர் கொடி டப்பா மேடைப் படியில இருக்கு. டப்பாகிட்ட குனிஞ்சேன். கையில ஒரே ஒரு கொடி, மத்த முப்பத்தாறும் அங்க வரிசையில. கையில ஒண்ணு மிச்சம். எங்க வைக்கிறதுன்னு தெரியாம கையில ஒண்ணு. இதே மாதிரி நான் எப்பவோ நின்னிருக்கேன். ட்ரம்மு மேல போர்டு, ரெண்டு டப்பா காயின், கையில ஒரு ரெட்டு. இரு இரு. ஒரு டப்பாவுக்குப் பத்தொம்பது. ரெண்டு டப்பாவுக்கு முப்பத்தெட்டு. கையில மிஞ்சினது ஒண்ணு. அப்ப போர்டு மேல எத்தினி இருந்துச்சு? போர்டு மேல மூணு சுத்தும் முழுசா மூடிக்கிட்டு, நூல் போவ எடமில்லாம, எத்தினி இருந்துச்சு பிலோமினா? முப்பத்தெட்டுல ஒண்ணு போனா எவ்ளோ? ஆறாப்புப் பிள்ளைகூடச் சொல்லும். நான் கொடிய டப்பாவுல போடாம அப்படியே நிமிந்தேன், மாதாவே, அப்பா பாக்கெட்டுல போட்டுக்கிட்டது நான் இல்ல, நான் போர்டு மேலதான் இருந்தேன்.

"வடிவு டீச்சர், கேரம் ஆடியிருக்கீங்களா"ன்னு கத்தினேன், அவ்ளோ சத்தமா இந்த ஊருல நான் பேசினதே இல்ல. அவங்க காலேஜ்ல கேரம் டீமாம், எனக்கு இவ்ளோ நாளா தெரியல. நான் அங்கயே சுண்ணாம்புப் பொடி டின்னை வாங்கித் தரையில ஒரு புள்ளி வச்சேன். சுத்தி ஆறு புள்ளி. ஒண்ணும் ஆறும் ஏழு. அதைச் சுத்திப் பன்னெண்டு. பத்தொம்பது. வடிவு டீச்சர் குனிஞ்சு பாத்துட்டு டின்னை என் கையிலேர்ந்து புடுங்கி மூணாவது சுத்தை அவங்களே வச்சாங்க, வாய்விட்டு எண்ணிக்கிட்டே, பதினாறு, பதினேழு, பதினெட்டு. "பத்தொம்பதும் பதினெட்டும்," அப்படின்னு நிறுத்தி என்னையப் பாத்தாங்க. "முப்பத்தேழு டீச்சர்"னேன். ஆறு, பன்னெண்டு, பதினெட்டு, எல்லாம் ஆறாம் வாய்ப்பாடு, ஆறோட மடங்கு. காரணியெல்லாம் கைய விரிச்சப்புறம் மடங்கு வந்து காப்பாத்துது பாரு. எச்.எம். குடையோட எட்டிப் பாத்து, "நான் கட்டம்னுல்ல சொன்னேன், இது என்ன வட்டமும் இல்லாம சதுரமும் இல்லாம"ன்னாங்க. வடிவு டீச்சர் பதில் சொல்றதுக்குள்ள அங்கயற்கண்ணி டீச்சர் வரிசையை விட்டு ஓடி வந்துட்டாங்க. "மேடம், உங்க வீட்டு இட்லித் தட்டை நினைச்சுப் பாருங்க. நடுவுல ஒரு குழி, சுத்தி ஆறு குழி. அதுல எந்தக் குழியாவது துருத்திக்கிட்டு நிக்கிதா?" எச்.எம். தரையில இருந்த புள்ளிங்களைப் பாத்தாங்க. வீட்டுல அவங்கதான் இட்லி ஊத்துவாங்க போல, குடைய மடக்கினாங்க.

அப்புறம் நடந்ததெல்லாம் ஒரே தள்ளுமுள்ளு. வடிவு டீச்சர் எங்க போனாலும் பீ.டி. டீச்சர்தானே, உயரம் பாக்காம ஒரு ஆளை நிறுத்த மாட்டாங்க. குள்ளமெல்லாம் வெளிச் சுத்துல, நடு உயரம் நடுச் சுத்துல, நெட்டைங்க உள்சுத்துல, அப்பத்தான் கீழ உக்காந்து பாக்கிறவங்களுக்கும் கோபுரம் மாதிரித் தெரியும்னாங்க. நான் எங்க நிக்கணும்னு கேக்கப் போனேன். அவங்க என் தோளைப் புடிச்சுத் தள்ளிக்கிட்டுப் போயி முதல்ல வச்ச புள்ளி மேல நிறுத்தினாங்க. "நட்ட நடுவுல நிக்கப்போற ஆளு நீங்க, சனிக்கிழமை உங்களுக்கு மட்டும் சிவப்புச் சேலை, என்கிட்ட இருக்கு, நான் கொண்டாறேன்." ஜெனிகிட்ட சொல்லணும், கடைசி இல்லடி, நடுவுல பாரு, சிவப்பா ஒரு புள்ளி தெரியும். மத்தவங்க ஒவ்வொருத்தரா வந்து சுத்தி நிக்கிறாங்க. அங்கயற்கண்ணி டீச்சர் எனக்கு வலது பக்கத்துப் புள்ளியக் காலால மிதிச்சுக்கிட்டு, வேற யாரும் வந்துடாதபடிக்கு முழங்கைய விரிச்சுக்கிட்டு, "எங்க வீட்டுலயும் கேரம் போர்டு உண்டு டீச்சர், ரெட்டுக்கு ஃபாலோ நான்தான்"னாங்க. எச்.எம். மேடை மேல ஏறி நின்னு மேலேர்ந்து பாத்தாங்க, இந்தப் பக்கம் போயிப் பாத்தாங்க, அந்தப் பக்கம் போயிப் பாத்தாங்க, அப்புறம் மைக் இல்லாமயே சத்தமா சொன்னாங்க, "இந்தாங்க, எல்லாரும் கேட்டுக்கங்க. சனிக்கிழமை ஒருத்தர்கூட லீவு போடக் கூடாது. காய்ச்சல், தலைவலி, மாமியார், எதுவும் சொல்லக் கூடாது. ஒரு ஆள் கொறைஞ்சாலும் அந்த இடத்துல ஓட்டை தெரியும்." சரிங்க மேடம்னு முப்பத்தேழு குரல் ஒண்ணாக் கேட்டுச்சு, அதுல என்னுதும் ஒண்ணு. மைக்ல அறிவிக்க எட்டாப்புப் பிள்ளை ஒருத்திய வச்சுக்கலாமாம்.

விசில் அடிக்குது. கொடிய மேல தூக்கறோம். என்னையச் சுத்தி ஆறு முழங்கை, ஆறு வேர்வை, மல்லிப்பூ, தேங்காயெண்ணெய், சாக்பீசு. சுவருக்கு அந்தாண்ட தாளிச்ச பருப்பு வாசனை இங்க வரைக்கும் வரல, போவட்டும். முன்னாடி நிக்கிற வடிவு டீச்சர் ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாத்து, "பிலோமினா டீச்சர், கொஞ்சம் சிரிங்க"ன்னாங்க. "இன்னா டீச்சர், சிரிச்சுக்கிட்டுதானே இருக்கேன்"னேன். வந்துடுச்சு, முழுங்க மறந்துட்டேன், ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. ரூமுக்குப் போனதும் சேவியருக்கு போன் பண்ணணும். நெத்திலி எப்பவும் வாங்குற அளவு பத்தாது, ரெண்டு மடங்கா வாங்கிட்டு வாங்க, வறுத்துடாதீங்க, இங்க நான் வறுத்துக்கிறேன்னு சொல்லணும். எத்தினி பேருக்குன்னு கேப்பாரு. கணக்கெல்லாம் பாக்க வேணாம், டப்பாவத் திறந்து மேசை நடுவுல வச்சாப் போதும், அவங்க யாரும் கேக்க மாட்டாங்க, எடுத்துக்குவாங்க.